நண்பர் வட்டத்து 'வித்துவான்' பதவியும் காதில் விழாமற்போன ஒரு நிஷாதமும்

ஒழுங்கைக்காரன் (கோண்டாவில்) எழுதியது:

வணக்கம். எனது நண்பர் வட்டத்தில் என்னை 'வித்துவான்' என்றே அழைப்பார்கள். எனக்குப் பாடத் தெரியாது. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆயினும் கோயில் திருவிழாவுக்கு எந்த மேளம் பிடிப்பது, பூப்புனித நீராட்டு விழாக் காணொளிக்கு எந்தப் பாட்டைப் பின்னணியில் இடுவது, மகனை வயலினுக்கு விடுவதா மிருதங்கத்துக்கு விடுவதா என்ற கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்து சேரும். முப்பது வருடங்களாக இப்படித்தான் நடந்து வருகிறது.

இந்தப் பதவி எனக்குக் கிடைத்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். 1990 இல் மின்சாரம் நின்றபோது நான் பள்ளிச் சிறுவன். பற்றரியும் கிடைக்காத அக்காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சக்கரத்தோடு உரசவிட்டு, பெடலைக் கையால் சுற்றி வானொலியும் கசெற்றும் கேட்டது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் கசெற் போடும் பெட்டி எங்கள் வீட்டில் மட்டுமே இருந்தது. சுற்றுகிறவனுடைய கை தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். பாடகரின் சுருதி இறங்கி அழுவாரைப்போல் ஆகிவிடும். "சுத்தடா" என்று யாராவது கத்தியதும் மறுபடி ஏறும். சுருதி என்று ஒன்று இருப்பதை எனக்குக் கற்பித்தது அந்தப் பின்சக்கரம்தான். எந்தக் கசெற்றின் எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லக்கூடியவன் நான் ஒருவனே ஆகையால், பாட்டுப் பற்றிய தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் மெல்ல மெல்ல என்னிடம் வந்துவிட்டது.

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மகளுடைய திருமணத்துக்குப் போயிருந்தோம். மணமகள் கூறை உடுத்து வருவதற்காக உள்ளே சென்ற இடைவெளியில் நாதஸ்வரக் கலைஞர் ஓர் ஆலாபனையைத் தொடங்கினார். எங்கள் வரிசையில் இருந்த ஐந்து பேரும் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார்கள். "ஆபோகி" என்றேன், சற்றும் தாமதிக்காமல். பக்கத்துக் கதிரையில் இருந்த இன்னொரு நண்பரின் மகன், பதின்மூன்று வயதுப் பிள்ளை, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருப்பவன், மெல்லிய குரலில், "மாமா, நிஷாதம் கேட்குதே, ஸ்ரீரஞ்சனி இல்லையோ?" என்றான். அவனுடைய தகப்பன் சிரித்துக்கொண்டே, "வித்துவான் மாமா சொன்னால் சரியாத்தான் இருக்கும், நீ சும்மா இரு" என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சொல்: இவ்விரு இராகங்களும் 22 ஆவது மேளமாகிய, அதாவது தாய் இராகமாகிய, கரகரப்பிரியாவிலிருந்து பிறந்தவை. இரண்டிலும் பஞ்சமம் என்ற 'ப' சுரம் இல்லை. ஸ்ரீரஞ்சனியில் கைசிகி நிஷாதம் என்ற 'நி' சுரம் உண்டு, ஆபோகியில் அது இல்லை. ஆரோகண அவரோகணத்தை, அதாவது சுரங்கள் ஏறி இறங்கும் வரிசையை, வைத்துப் பார்த்தால் வேற்றுமை அவ்வளவுதான். கைத்தொலைபேசியில் பதிவு செய்திருந்ததை வீட்டுக்கு வந்து கேட்டேன். நிஷாதம் ஒளிந்திருக்கவே இல்லை. படலையைத் தட்டுகிற விருந்தாளியைப்போல் பிடிக்குப் பிடி வந்து நின்றது. 'ஆபோகி' என்ற சொல் வாயைவிட்டுப் போன பிறகு நான் கேட்பதையே நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

என்னுடைய உண்மையான சங்கடம் வேறொன்று. நான் இன்றைக்கும் ஒவ்வொரு கிழமையும் புதிதாக எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதை நண்பர்களிடம் சொல்வதில்லை. சொன்னால், "இது உனக்கு இவ்வளவு நாளும் தெரியாதா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். எல்லாம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் கள்ளமாகப் படிக்கிற மாணவனாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்நிலையில் இருக்கும் வேறு யாரேனும் இங்கு உண்டா? நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள், யாரிடம் சொல்கிறீர்கள்?


படலையடி (நெல்லியடி) எழுதியது:

இராகத்தின் பெயரைச் சொல்வது பேருந்தின் இலக்கத்தைச் சொல்வது போன்றது. 750 என்று சொல்லிவிட்டால் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்ததாக ஆகாது. ஆகவே அந்த ஆபோகிக்காக நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. பிள்ளையை அதட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, வருந்துவதானால் அதற்கு வருந்துங்கள்.

நான் எங்கள் வட்டத்தில் திரைப்பாடல் வித்துவான். இசையமைப்பாளர், பாடகர், படம், பின்னணியில் புல்லாங்குழல் வருகிற இடம், யாவும் சொல்வேன். அண்மையில் ஓர் உண்மை பிடிபட்டது. எனது அறிவு ஏறத்தாழ 1995 உடன் நின்றுபோயிருக்கிறது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் என்னிடம் கேள்வி கேட்கிறவர்களும் அதே ஆண்டில்தான் நின்றுவிட்டார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் நான் விடை சொல்லக்கூடிய கேள்விகள். நான் சொல்வதெல்லாம் அவர்கள் ஏற்கெனவே ரசித்த பாட்டுகள். நாங்கள் அனைவரும் ஒன்றாகவே வயதாகிக்கொண்டிருக்கிறோம், அதை அறிவு என்று அழைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்திருக்கிறான். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.


கூடுவிரல் (அளவெட்டி) எழுதியது:

நான் தவில்காரர் குடும்பத்தில் பிறந்தவன். சீவியத்துக்கு வேறு தொழில் செய்கிறேன். துணியையும் பசையையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்த கூட்டை வலக்கை விரல்களில் மாட்டிக்கொண்டு வளர்ந்த வீட்டில், 'தெரியும்' என்று சொல்வதற்கு எவரும் அவசரப்பட்டதை நான் கண்டதில்லை. எங்கள் பெரியப்பாவிடம் ஏதாவது ஒரு பதிவைப் போட்டு என்ன தாளம் என்று கேட்டால், "இன்னொருக்காப் போடு" என்பார். மூன்றாம் முறையும் போட்ட பிறகு, "நல்லாய் இருக்கு" என்பார். விடை அவ்வளவுதான்.

ஒழுங்கைக்காரன் அண்ணர் புதிய இசை என்கிறார். புதிதாக இருப்பதற்கு அது புதிய பதிவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணுவிலில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்கள் 1933 முதல் 1975 வரையான குறுகிய வாழ்வில் வாசித்தவற்றுள் எஞ்சியிருக்கும் பதிவுகளை நான் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன். தவிலின் வலப்பக்கமாகிய வலந்தலையில் விரல்கள் பொழிகிற சொற்கட்டுகளின் வேகமே எவருக்கும் முதலில் காதில் விழும். எனக்கும் அதுவே விழுந்தது. அதையே பல வருடங்கள் மற்றவர்களுக்கு வியந்து வியந்து சொன்னேன். சென்ற வருடம் காய்ச்சலாய்ப் படுத்திருந்த ஓர் இரவில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டபோதுதான், இடக்கைக் குச்சி இடப்பக்கமாகிய தொப்பியில் என்ன செய்கிறது என்பதைக் கவனித்தேன். வலக்கை பெருமழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும்போது இடக்கை, நாதஸ்வரக்காரர் எங்கே மூச்செடுப்பார் என்பதை முன்கூட்டியே அறிந்ததுபோல், அந்த இடத்தில் ஒற்றை அடியை மட்டும் வைத்துவிட்டு விலகி நிற்கிறது. முப்பது வருடங்களாக நூறு தடவைக்கு மேல் கேட்ட பதிவு அது. அன்றிரவு எனக்கு அது புத்தம் புதிய பதிவாக இருந்தது.

பயனுள்ள ஒரு வழியையும் சொல்கிறேன். யூரியூப்பில் பிரதான கலைஞரின் பெயரைத் தேடினால், நீங்கள் ஏற்கெனவே கேட்டதையே அது திரும்பத் திரும்ப நீட்டும். பக்கவாத்தியக்காரரின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். தெட்சணாமூர்த்தியைப் பின்தொடர்ந்தால், எங்கள் அளவெட்டி என்.கே. பத்மநாதனிடமிருந்து ஷேக் சின்ன மௌலானாவிடமும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனிடமும் போய்ச் சேர்வீர்கள். ஒரே தவில் மூன்று நாதஸ்வரங்களுக்கு மூன்று விதமாகப் பேசுவதைக் கேட்கலாம்.

இன்னுமொன்று. நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவையும் வருடந்தவறாமல் பார்க்கிற எங்களில் எத்தனை பேர், சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கிற மல்லாரி என்றால் ஒரே உருப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? கம்பீரநாட்டையில் வாசிக்கப்படுவது என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். தேர் மல்லாரி வேறு, தீர்த்த மல்லாரி வேறு, நைவேத்தியம் கொண்டுவரும்போது வாசிக்கிற தளிகை மல்லாரி வேறு. காதுக்குள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, நாங்கள்தான் பிரித்துக் கேட்பதில்லை.


பனிக்காலவாசி (ரொறன்ரோ, சொந்த ஊர் சுன்னாகம்) எழுதியது:

எனக்கு நேர்ந்த அவமானம் இதைவிடப் பெரியது. இங்கே ஒரு கோயில் மண்டபத்தில் நண்பர்கள் கூடியிருந்தபோது யாரோ 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள் பிடித்தேன்' என்ற பாடலை ஒலிக்கவிட்டார்கள். நான் வித்துவான் அல்லவா, உடனே விரிவுரை தொடங்கிவிட்டேன்: டி.எம். சௌந்தரராஜன் பாடியது, பல இராகங்களைக் கோத்த இராகமாலிகை, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று இராகங்களின் பெயர்களைப் பாட்டு வரிகளுக்குள்ளேயே பொருள்படப் பொதிந்திருக்கிறார்கள், மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது அந்த ஊர்ப் புலவர் எவரோ இயற்றியிருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, "தம்பி, அதை இயற்றினது எங்கட இணுவில் வீரமணி ஐயர். சென்னையில கலாசேத்திராவில் படிச்ச காலத்தில எழுதினது. அவரிட்ட நான் படிச்சனான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சுன்னாகத்துக்கும் இணுவிலுக்கும் இடையே எத்தனை மைல் என்பது உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் சைக்கிள் ஓடினால் போய்ச் சேரக்கூடிய ஊரில் பிறந்தவரை நான் கடல் தாண்டிக் கொண்டுபோய் மயிலாப்பூர்ப் புலவராக்கிவிட்டேன்.

அதன் பிறகு அக்காவின் மகளிடம் பாடம் கேட்கத் தொடங்கினேன். அவள் எனக்குக் காட்டிய முதற்பாடம் 'மிருதங்க ரப்ஸ்'. இங்கே வாழும் ஷான் வின்சென்ட் டி போல் சொல் அடுக்க, யஞ்சன் மிருதங்கம் வாசிக்கிறார். முதல் நிமிடம் எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னர் அவள், "மாமா, சொற்களை விடுங்கோ, கோர்வை எங்க முடியுது எண்டு மட்டும் கேளுங்கோ" என்றாள். கேட்டேன். தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு கோர்வையை, கணக்கிட்டுக் கட்டிய சொல்வரிசையை, மூன்று தடவை சொல்லி இறங்குமே, அப்படி ரப் பாடகரின் சொற்களும் வாத்தியமும் ஒன்றாக வந்து சமத்தில், தாளத்தின் தொடக்க அடியில், விழுந்தன. எனக்குத் தெரிந்த கணக்கு, தெரியாத உடுப்பில் வந்திருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்கு ஒன்று போடுவாள், நான் அவளுக்கு ஒன்று போடுவேன். என்னுடையவற்றில் பாதியை அவள் "நீளமாய் இருக்கு" என்று தள்ளிவிடுகிறாள். அவள் சொல்வது சில வேளைகளில் சரியாகவே இருக்கிறது.


கடைசிப் பந்தி (உரும்பிராய்) எழுதியது:

நான் ஒரு வித்துவானின் மனைவி. மேளக்காரரோடு இராகம் கதைத்துவிட்டு அவர் வருவதற்குள் வடையும் பாயாசமும் முடிந்துவிடுகின்றன. இதற்கும் யாராவது ஒரு வழி சொல்வீர்களானால் நன்றியுடையவளாவேன்.


வீணை ஆசிரியை (மானிப்பாய்) எழுதியது:

படலையடி அவர்கள் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இராகத்தின் பெயர் பேருந்து இலக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம்; இலக்கம் தெரியாதவர் தரிப்பிடத்திலேயே நிற்க வேண்டியதுதானே? 'ஸ்ரீரஞ்சனி' என்ற பெயர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருப்பதனால்தான் அவன் இன்று வீட்டுக்குப் போய் அதே இராகத்தில் அமைந்த இன்னும் நான்கு கீர்த்தனைகளைத் தேடிக் கேட்க முடியும். பரீட்சைக்காகப் படிப்பதை எல்லோரும் இலேசாகப் பேசுவார்கள். அப்படிப் படித்த காதுதான் திருமண வீட்டின் இரைச்சலுக்குள்ளும் நிஷாதத்தைப் பிடித்திருக்கிறது.

ஆனால் பரீட்சையின் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாகக் கற்பிக்கிறேன். உறவினரும் தோழியரும் இசை பற்றிய எந்தச் சந்தேகத்தையும் என்னிடமே கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் பாசையூரிலிருந்து ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். நல்ல குரல். ஆனால் எதைப் பாடச் சொன்னாலும் தொண்டையை முழுதாகத் திறந்து, மேல் ஸ்தாயியில் கூரை பிய்த்துக்கொண்டு போவதுபோலப் பாடுவான். நான் அவனைத் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இதை உமக்கு யார் பழக்கினது?" என்று கேட்டேன். தன்னுடைய பேரனார் கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியார் என்றும், சிறுவயதிலேயே தன்னைக் கூத்துப் பாட்டாகிய தருப் பாடப் பழக்கினார் என்றும் சொன்னான். பாடிக் காட்டச் சொன்னேன். அவன் எழுந்து நின்று, காலால் தட்டிக்கொண்டு பாடினான். ஒலிவாங்கி இல்லாத காலத்தில், கடற்காற்று வீசுகிற திறந்த வெளியில், கடைசி வரிசையில் பாயில் இருப்பவருக்கும் கேட்க வேண்டிய பாட்டு அது. அதற்கேற்பக் கட்டப்பட்ட குரலை நான் வீணைக்குப் பக்கத்தில் இருத்தி அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றுதான் யாழ்ப்பாணத்துத் தென்மோடிக் கூத்து என்பது என் அறிவில் பெயராக மட்டுமே இருந்தது என்பதை உணர்ந்தேன்.

அதிலிருந்து நடிகமணி வி.வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' என்ற இசைநாடகப் பதிவுகளுக்கு வந்தேன். எங்கள் அம்மம்மா அதில் வருகிற பாட்டுகளை அடுப்படியில் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். சங்கீதம் படிக்கத் தொடங்கிய பிறகு அவற்றை நாடகப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டேன். மரண வீடுகளில் கேட்கும் பறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் அடிகளில் இன்ன அடி எதற்கு என்று எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டறிய வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது. அப்படித் தோன்றாமைக்குக் காரணம் இசை அன்று, எங்கள் ஊரின் சாதி என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். நண்பர் வட்டத்து வித்துவான்களிடம் எதைக் கேட்பது என்பதை மட்டுமன்று, எதைக் கேட்காமல் விடுவது என்பதையும் மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.


படலையடி (நெல்லியடி) எழுதியது:

ஆசிரியை அவர்களின் கடைசி வரிகளுக்குப் பிறகு எனது பேருந்து உவமையைத் திரும்பப் பெறுகிறேன்.

என்னுடைய பங்குக்கும் ஒன்று. 1970 களின் எங்கள் பொப்பிசையைக் கல்லூரிச் சுற்றுலாப் பாட்டு என்று இகழ்ந்து வந்தவன் நான். போன கிழமை நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாடலைத் தனியாக இருந்து கேட்டேன். பைலாவின் ஆட்டத் தாளத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு எவ்வளவு இயல்பாக ஏறி உட்கார்ந்திருக்கிறது! தமிழ்நாட்டுத் திரைப்பாட்டில் எங்கள் ஊர்ப் பேச்சுக்காக இத்தனை வருடம் காத்திருந்த நான், பக்கத்து ஒழுங்கையைப் பார்க்கவே இல்லை.


ஒழுங்கைக்காரன் (கோண்டாவில்) எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. கடைசிப் பந்தி அக்காவின் கேள்விக்கு எனது மனைவியும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு காலை அந்த நண்பரின் வீட்டுக்குப் போனேன். தகப்பனுக்கு முன்னாலேயே பிள்ளையிடம், "நீ சொன்னதுதான் சரி, அது ஸ்ரீரஞ்சனி" என்றேன். ஏதோ பெரிய காட்சி நடக்கும் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். நண்பர், "அட, அதை இன்னுமா யோசிச்சுக்கொண்டு இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். என்னுடைய பதவியைப் பற்றி என்னைத் தவிர வேறு எவரும் அவ்வளவு கவலைப்படவில்லை என்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிள்ளை மட்டும், "நீங்கள் சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துட்டுது மாமா, பாட்டு ரீச்சரிட்டப் போய்க் கேட்டனான்" என்றான். அதுதான் உறுத்தியது. நன்றாகக் கேட்கக்கூடிய ஒரு காதை நான் ஒரு கிழமை தன்னையே சந்தேகிக்க வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வட்ஸ்அப் குழுவில், கிழமைக்கு ஒன்று, எனக்கு முன்பு தெரியாதிருந்ததைப் போடத் தொடங்கியிருக்கிறேன். 'இன்று முதன்முதலாகக் கேட்டேன்' என்று மேலே எழுதிவிட்டே போடுகிறேன். இருவர் கேட்கிறார்கள், மற்றவர்கள் கைகூப்பிய படம் அனுப்புகிறார்கள்.

நேற்றிரவு அந்தப் பிள்ளை எனக்குத் தனியாக ஓர் ஒலிப்பதிவு அனுப்பினான். இணுவில் கந்தசுவாமி கோயிலில், சுவாமி உள்வீதி வரும்போது கைத்தொலைபேசியில் எடுத்தது, 40 விநாடி. "மாமா, இது என்ன இராகம்?" என்று கேட்டிருந்தான். ஐந்து தடவை கேட்டேன். பிடிபடவில்லை. சோதிக்கிறான் என்று நினைத்து, "எனக்குத் தெரியவில்லை, நீயே சொல்" என்று எழுதினேன். "எனக்கும் தெரியாது, அதுதான் உங்களிட்டக் கேட்டனான்" என்று பதில் வந்தது. பதிவை இங்கே இணைத்திருக்கிறேன். நடுவில் மணியோசை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை அவர்களும் கூடுவிரல் தம்பியும் கேட்டுச் சொல்வீர்களா?


வீணை ஆசிரியை (மானிப்பாய்) எழுதியது:

மணியோசைக்கு முன் 'ம' சுரம் சுத்த மத்தியமம் போலவும், பின் அதைவிட உயர்ந்த பிரதி மத்தியமம் போலவும் கேட்கிறது. அவர் வேண்டுமென்றே இரண்டையும் தொடுகிறாரா, மணியின் நாதம் என் காதை ஏமாற்றுகிறதா என்று தீர்மானிக்க முடியவில்லை. நாளைக்கு வீணையில் வைத்துப் பார்க்கிறேன்.


கூடுவிரல் (அளவெட்டி) எழுதியது:

தவில் அடியை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். அவரிடம் கேட்டு நாதஸ்வரக்காரருக்கும் தொலைபேசி எடுத்தேன். அது ஒரு சினிமாப் பாட்டிலிருந்து பிடித்ததாம். இராகத்தின் பெயர் தமக்கும் தெரியாதாம். படத்தின் பெயரும் மறந்துவிட்டதாம். 1995 க்குப் பிறகு வந்த படம் என்பது மட்டும் நிச்சயமாம். படலையடி அண்ணை, இனி இது உங்கள் பொறுப்பு.